இருபத்திரண்டாவது பாக்கெட்

2022 அக்டோபரில் நான் சென்னை ராயபுரத்துக்கு வந்து இறங்கியபோது என் பையில் ஏழு மொழிகளில் துண்டுப்பிரதிகள் இருந்தன. ஆங்கிலம், இந்தி, தகலாகு, பர்மியம், ருஷ்யம், சீனம், இந்தோனேசியம். நாசரேத்துக்காரி நான். தடுக்கி விழுந்தால் ஒரு கோயில் மணியில் முட்டிக்கொள்ளும் ஊர். மிஷனரிப் பயிற்சி முடித்த கையோடு, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் ஏறி மாலுமிகளைப் பார்க்கும் ஊழியத்துக்கு என்னை அனுப்பினார்கள். 'கப்பல் சந்திப்பு' என்று அதற்குப் பெயர். வீடு சந்திப்பு எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரி சந்திப்பும் தெரியும். கப்பலைத் தூத்துக்குடிக் கரையில் நின்று தூரத்தில் பார்த்ததோடு சரி.

பயிற்சி வகுப்பில் ஒரு பாதிரியாரின் கதையைச் சொல்லியிருந்தார்கள். 1835இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாய்க் கரையில் ஜான் ஆஷ்லி என்பவர் மகனோடு நின்றிருக்கிறார். எதிரே தெரிந்த தீவுகளைக் காட்டி, அங்கே இருப்பவர்கள் எப்படிக் கோயிலுக்குப் போவார்கள் என்று கேட்டானாம் பையன். அவர் படகெடுத்துத் தீவுக்குப் போனார். பிறகு காற்றுக்காகக் காத்து நங்கூரமிட்டிருந்த கப்பல்களுக்கும் போகத் தொடங்கினார். இன்றைக்கு உலகத் துறைமுகங்களில் நடக்கும் மாலுமிகள் ஊழியத்துக்கு அதுதான் ஆரம்பங்களில் ஒன்று. கத்தோலிக்கர்கள் 1920இல் கிளாஸ்கோவில் தங்கள் அமைப்பைத் தொடங்கினார்கள். இந்தக் கதைகளையெல்லாம் நெஞ்சில் ஏற்றிக்கொண்டு, நானும் ஒரு ஆஷ்லி என்கிற நினைப்போடுதான் வந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

எனக்குப் பழக்கிக்கொடுக்க ஒப்புக்கொண்டவரை எல்லோரும் சாரங் ஐயா என்பார்கள். சாரங் என்றால் கப்பலின் மேல்தளத் தொழிலாளர்களுக்குத் தலைவர். முப்பது வருடம் கடலில் இருந்துவிட்டு, கரையேறிய பின் கப்பல் சந்திப்புக்கு வந்தவர். ராயபுரத்தில் பிறந்தவர், கத்தோலிக்கர். இந்த ஊருக்குப் பெயரே இராயப்பரிடமிருந்து, அதாவது புனித பேதுருவிடமிருந்து வந்தது என்று பெருமையாகச் சொல்வார். இங்கே துறைமுகம் இல்லாத காலத்தில், அலைக்கு அப்பால் நிற்கும் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் மசூலா படகில் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் அவருடைய முன்னோர். ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. ராயபுரத்து இராயப்பர் கோயில் அந்தப் படகுக்காரர்கள் காசு போட்டுக் கட்டியது. "படகு ஓட்னவன் கட்ன கோயிலு. அதான் இன்னிக்கும் கடல்காரன் மேல நம்மளுக்கு ஒரு இது," என்பார். அந்த 'இது' என்னவென்று அவர் விளக்கியதில்லை.

முதல் நாள் என்னைக் கப்பலுக்கு அழைத்துப் போவார் என்று நினைத்தேன். கயிறு ஒன்றைக் கொடுத்து முடிச்சுப் போடச் சொன்னார்.

கப்பலில் ஏறும் ஏணியைக் கேங்வே என்பார்கள். அதில் ஏறும்போது இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், பிடித்துக்கொள்ள. ஆகவே மாலுமிகளுக்குக் கொண்டுபோகும் பெட்டியைக் கையில் தூக்கக் கூடாது. மேலே இருப்பவர் கயிறு விடுவார், கீழே நாம் கட்டிவிட வேண்டும், அவர் இழுத்துக்கொள்வார். கட்டுகிற முடிச்சுக்குப் பௌலைன் என்று பெயர். கயிற்று நுனியை நீள்கயிற்றின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அமுக்கி, மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினால் கயிற்றில் சின்னக் கண் ஒன்று விழும். நுனி அந்தக் கண்ணுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். அதை நீள்கயிற்றின் பின்னால் சுற்றி, வந்த வழியே கண்ணுக்குள் இறக்கி இழுக்க வேண்டும். படிக்கும்போது இவ்வளவுதானா என்று இருக்கும். எனக்கு இரண்டு வாரம் அந்தக் கண் விழவே இல்லை. "தோசை திருப்ற மாதிரி திருப்புமா. நீ இன்னா, துணி பிழியிறியா?" என்பார். சரியாக விழுந்த முடிச்சைக் கையிலே கண்டுகொள்ளலாம். எவ்வளவு இழுத்தாலும் நழுவாது, பாரம் இறங்கியதும் கட்டைவிரலால் ஒரு தள்ளு, அவிழ்ந்துவிடும்.

நவம்பர் கடைசியில் எண்ணூரில் ஒரு நிலக்கரிக் கப்பல். கட்டுமரமும் வலையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எண்ணூர் வேறு உலகம். 2001இல் அனல்மின் நிலையங்களுக்குக் கரி இறக்குவதற்கென்று திறந்த துறைமுகம் அது. 2014இல் காமராஜர் பெயர் வைத்தார்கள். மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுக்கும். அன்றைக்கு நான்தான் பெட்டியைக் கட்டினேன். ஐயா திரும்பிப் பார்க்கவில்லை, என்னை நம்பினார். பெட்டி பாதி உயரம் போனது. என் முடிச்சு மெல்ல ஒரு புழுவைப் போல நெளிவதைக் கீழிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், கத்தக்கூடத் தோன்றவில்லை. கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கும் ஒரு ஆள் அகலத் தண்ணீரில் விழுந்தது பெட்டி. இருபது கம்பளித் தொப்பிகள் கரித்தூள் படிந்த நீரில் ஒவ்வொன்றாக மிதந்து விரிந்தன. மேலிருந்து யாரோ சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. வேனில் திரும்பும்போது கயிற்றை என் மடியில் போட்டார். திருவொற்றியூர் வரும்வரை முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டே வந்தேன்.

முடிச்சு ஒருவழியாகக் கைக்கு வந்தது. ஏணி வரவில்லை. கேங்வேயின் படிகள் வீட்டு மாடிப்படி போல நிலையாக நிற்பவை அல்ல. கரி இறங்க இறங்கக் கப்பல் உயரும். காலையில் சாய்வாக இருந்த ஏணி மாலையில் செங்குத்தாக நிற்கும். பக்கக் கயிறு உப்பிலும் கரியிலும் ஊறிப் பிசுபிசுக்கும், இறுக்கிப் பிடித்தால் அது நம்மைப் பிடித்துக்கொள்வது போல் இருக்கும். கீழே பாதுகாப்புவலை கட்டியிருப்பார்கள். வலையின் ஓட்டை வழியே தண்ணீர் தெரியும், அதைப் பார்த்தோமோ முழங்கால் தளர்ந்துவிடும். ஒருமுறை பாதி வழியில் நின்றுவிட்டேன். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. பின்னால் வந்த ஐயா, "கீழ பாக்காத. படியையும் பாக்காத. மேல ஒருத்தன் நிக்கிறான் பாரு, அவன் மூஞ்சியப் பாத்துக்கினே போ," என்றார். ஏணியின் தலைப்பில் காவல் நிற்கும் மாலுமி. நம் பெயரை நோட்டில் எழுதச் சொல்லி, 'விசிட்டர்' அட்டையைக் கழுத்தில் மாட்டிவிடுபவர். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். அன்று அதை ஏணிக்கான உபாயம் என்று மட்டும்தான் எடுத்துக்கொண்டேன்.

மேலே போனதும் கப்பலுக்குள் கரி ஒட்டாதிருக்க நடையெல்லாம் அட்டைப்பெட்டியைக் கிழித்து விரித்திருப்பார்கள். அதன்மேல் நடந்தால் சாப்பாட்டு அறை, மெஸ். என் முதல் மெஸ்ஸில் ஆறு பேர் இருந்தார்கள். அப்போதுதான் வேலை முடித்து வந்த முகங்கள், தட்டில் சோறும் மீன் குழம்பும். நான் எழுந்து நின்று, மனப்பாடம் செய்திருந்ததை ஆங்கிலத்தில் பேசினேன். நடுவில் நிறுத்தினால் மறந்துவிடும் என்கிற பயத்தில் மூச்சு விடாமல் பேசினேன். துண்டுப்பிரதி கொடுத்தேன். எல்லோரும் இரண்டு கையாலும் வாங்கி, தலை தாழ்த்தி, மேசைமேல் பத்திரமாக வைத்தார்கள். எனக்குப் பூரிப்பு.

இறங்கியதும் ஐயா சொன்னது ஒரே வாக்கியம். "சோறு ஆறிப்போச்சு."

எனக்குப் புரியவில்லை. வேனில் ஏறிய பிறகுதான், நான் பேசிய நேரம் முழுக்க ஆறு பேரும் கையைத் தட்டில் வைத்தபடி மரியாதைக்காகச் சாப்பிடாமல் இருந்தது ஞாபகத்துக்கு வந்தது. நான்கு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். எட்டு மணி நேரம் கழித்து மறுபடி இறங்க வேண்டியவர்கள். கிடைக்கிற இடைவெளியில் சாப்பாடும் தூக்கமும்தான் அவர்கள் சொத்து. அதில் கால் மணி நேரத்தை நான் எடுத்துக்கொண்டு, நற்செய்தி அறிவித்ததாகக் கணக்கு எழுதியிருக்கிறேன்.

"அப்ப நான் எதுக்கு ஐயா ஏறணும்? சும்மா சிரிச்சுட்டு வரவா?" என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன்.

"கேட்டா சொல்லு. கேக்காங்காட்டி நீ கேளு."

கேட்பது எப்படி என்பதையும் கற்க வேண்டியிருந்தது. "எப்போது ஊருக்குப் போகிறீர்கள்?" என்று ஒரு பிலிப்பினோ ஃபிட்டரிடம் சாதாரணமாகக் கேட்டேன். ஒன்பது மாத ஒப்பந்தம் முடிந்தும் மாற்று ஆள் வராமல் இருந்தவர் அவர். எழுந்து போய்விட்டார். கொரோனா காலத்தில் இது உலகம் முழுக்க நடந்தது. 2020 முடியும்போது ஏறத்தாழ நாலு லட்சம் மாலுமிகள் ஒப்பந்தம் தீர்ந்தும் கப்பலிலேயே கிடந்தார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஐயாவாலும் ஏற முடியவில்லை. பெட்டியைக் கயிற்றில் கட்டி அனுப்பிவிட்டுக் கரையில் நின்று கை காட்டினாராம். ஊருக்கு எப்போது என்பது மாலுமியிடம் கேட்கக் கூடாத கேள்வி, அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். முதலில் சமையல்காரரைப் பார்க்க வேண்டும் என்பது ஐயாவின் முறை. "எவன் சரியாத் துன்றதில்லன்னு அவனுக்குத்தான் தெரியும். அவன் ஒரு பேரு சொல்லுவான். அந்த ஆள்கிட்ட போயி குந்து. வைஃபை டப்பாவக் குடு. அப்பால பாத்துக்கலாம்."

டிசம்பர் வந்தது. கிறிஸ்துமஸ் பாக்கெட் என்றால் ஒரு கம்பளித் தொப்பி, சோப்பு, காலுறை, பிஸ்கட், வாழ்த்து அட்டை, அப்புறம் எங்கள் பெண்கள் சுட்ட அச்சு முறுக்கு. கப்பல் ஏஜென்டிடம் ஆள் கணக்கு கேட்டு, அத்தனை பாக்கெட் கட்டுவோம். 24ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் கப்பல், 22 பேர். கன்டெய்னர் கப்பல் கரிக் கப்பல் மாதிரி நாள்கணக்கில் நிற்காது. வந்த வேகத்தில் போய்விடும், சந்திப்பு ஓட்டமும் நடையுமாகத்தான். ஐயா என்னைத் தனியாகப் பாக்கெட் கொடுக்கச் சொன்னார். நன்றாகவே செய்தேன். பிரசங்கம் இல்லை, சோறு ஆறவில்லை. சமையல்காரரிடம் பேசினேன், இயந்திர அறைக்கு ஆள் அனுப்பினேன், கேப்டனுக்கும் கொடுத்தேன். ஏணியில் இறங்கும்போது காவலுக்கு நின்றவர், நடுவயது, குளிருக்குச் சட்டைக்காலரைத் தூக்கிவிட்டிருந்தார், என் விசிட்டர் அட்டையை வாங்கிக்கொண்டு, கடைசிப் படி எண்ணெயாக இருக்கிறது, பார்த்துப் போங்கள் என்று டார்ச் அடித்துக் காட்டினார். கிறிஸ்துமஸ் வாழ்த்தும் சொன்னார்.

கீழே வந்து, "ஒண்ணு மிச்சம் ஐயா. ஏஜென்ட் கணக்கு தப்பு போல," என்றேன்.

ஐயா பாக்கெட்டைப் பார்த்தார். ஏணியின் உச்சியைப் பார்த்தார். "மேல நின்னவனுக்குக் குடுத்தியா?"

எனக்கு உடம்பு சில்லிட்டது. எல்லோருக்கும் உள்ளே போய்க் கொடுத்தேன். உள்ளே போக வழிவிட்டவரைத் தாண்டித்தான் இரண்டு முறையும் நடந்தேன். திரும்பி ஓடினேன். கேங்வே தரையிலிருந்து ஒரு முழம் எழும்பிவிட்டிருந்தது. பைலட் ஏறிவிட்டார், டக் கப்பல் கயிறு கட்டிவிட்டது. மேலே யாரும் நிற்கவில்லை. ஏணியைத் தூக்கியதும் அவர் கயிறு அவிழ்க்க முன்தளத்துக்குப் போயிருப்பார். கரையில் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றேன், யாருக்கென்று தெரியாமல். கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீர் ஆள் அகலம், லாரி அகலம், பிறகு தெரு அகலம். நள்ளிரவு ஆராதனைக்கு மணி கேட்டது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் கோயிலுக்குப் போனேன், பாடினேன், ஆனால் கண் முழுக்க அந்த டார்ச் வெளிச்சம்.

ஐயா ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "வச்சிக்கோ," என்று மட்டும் சொன்னார். இன்றும் விடுதி அலமாரியில் இருக்கிறது அந்தப் பாக்கெட். சோப்பின் வாசனை தொப்பியில் ஏறிவிட்டது.

அந்த வாரம் எனக்கு இன்னொரு எரிச்சல் இருந்தது. பண்டிகை முடிந்தும் ஐயா முப்பது பாக்கெட்டைப் பூட்டி வைத்திருந்தார். 27ஆம் தேதி வந்த கப்பலுக்குக் கேட்டேன், முழுசாகத் தரவில்லை. கஞ்சத்தனம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஜனவரி 6 மாலை என்னை எண்ணூருக்குக் கூட்டிப்போனார். கரிக் கப்பல், ருஷ்யர்கள், ஜார்ஜியர்கள், சில இந்தியர்கள். ருஷ்ய, ஜார்ஜிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் பழைய ஜூலியன் நாள்காட்டியைப் பின்பற்றுகின்றன, அது நம் நாள்காட்டிக்கு 13 நாள் பின்னால் ஓடுகிறது. அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. இதை வகுப்பில் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். பாக்கெட்டைப் பூட்டி வைக்கும் அளவுக்கு அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்று காவலுக்கு நின்றவர் ஜார்ஜியர். ஏறியதும் முதல் பாக்கெட்டை அவரிடம் நீட்டினேன். கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கினார். கரியில்லாத கை அவருடையது ஒன்றுதான் அந்தத் தளத்தில் என்று தோன்றியது. தன் பண்டிகை நாளையென்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். எனக்குத் தெரியாது, கீழே நிற்கும் பெரியவருக்குத் தெரியும் என்றேன். அவர் தளத்தின் ஓரத்துக்குப் போய், கீழே பார்த்து, நெஞ்சில் கைவைத்துத் தலை தாழ்த்தினார். ஐயா பீடியை மறைத்துக்கொண்டு கை காட்டினார்.

அடுத்த வருடம் சீக்கிரம் ஓடிற்று. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் கறுத்தது. பாக்கெட் கட்ட வரும் பெண்களின் வீட்டு ஆண்கள் மக்கும் வாளியுமாக எண்ணெய் அள்ளிக்கொண்டிருந்தார்கள். இந்த வருடம் வேண்டாம் என்று நாங்களே சொல்லியும் அந்தப் பெண்கள் வந்தார்கள். வாழ்த்து அட்டைகள் சிலவற்றில் கறுப்பு விரல் ரேகை விழுந்திருந்தது. மாற்றலாமா என்று கேட்டேன். ஐயா வேண்டாம் என்றார்.

ஐயாவின் முழங்கால் அந்த மழையோடு போய்விட்டது. ஆகவே 24ஆம் தேதி எண்ணூரில் நான் மட்டும் ஏறினேன். முடிச்சைக் கண் மூடிப் போட்டேன், பெட்டி மேலே போகும்வரை அதையே பார்த்தேன், அது நெளியவில்லை. மெஸ்ஸில் பிலிப்பினோக்கள் துடைப்பக் குச்சியையும் பிளாஸ்டிக் தாளையும் வைத்துப் பரோல் என்கிற தங்கள் நட்சத்திர விளக்கைச் செய்து தொங்கவிட்டிருந்தார்கள். அவர்கள் நாட்டில் கிறிஸ்துமஸ் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும் என்று சமையல்காரர் சொன்னார், ஏதோ இரகசியம் சொல்வது போல. கரோக்கே மைக் கைமாறிக்கொண்டிருந்தது. நான் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து முறுக்கு பரிமாறினேன். ஒரு மணி நேரம் என் வாயிலிருந்து சொல் ஒன்றும் வரவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் தனக்குப் பிறந்த குழந்தையை இன்னும் பார்க்கவில்லை. ஒரு இந்தோனேசிய முஸ்லிம் பையன், எல்லோரும் பண்டிகை கொண்டாடட்டும் என்று தானே இரட்டைக் காவல் வாங்கிக்கொண்டிருந்தான்.

பிறகு என்னைத் தமிழில் பாடச் சொன்னார்கள். 'சைலன்ட் நைட்' மெட்டைத் தொடங்கினேன், ஆளுக்கொரு மொழியில் சேர்ந்துகொண்டார்கள். முடிந்ததும் அந்தப் பாட்டின் கதை தெரியுமா என்றேன். 1818 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டோர்ஃப் என்கிற சிற்றூரில் அது முதன்முதலாகப் பாடப்பட்டது. யோசேப் மோர் எழுதி, பள்ளி ஆசிரியர் கிரூபர் இசையமைத்து, கிட்டார் வைத்துப் பாடினார்கள். அந்த ஊரார் ஆற்றில் உப்பேற்றிப் படகு ஓட்டியவர்கள். அவர்கள் கோயில் மாலுமிகளின் காவலரான புனித நிக்கோலாஸ் பெயரில் இருந்தது. இதைச் சொல்லும்போதே, எங்கள் ராயபுரத்திலும் படகுக்காரர்கள் கட்டிய கோயில் ஒன்று இருக்கிறது என்று வாய் தானாகப் போயிற்று. கப்பல்காரர்களுக்குப் படகுக்காரர்களைப் பிடித்துப்போயிற்று. மசூலா படகு எப்படித் தைப்பார்கள், கயிறு எது என்று துருவித் துருவிக் கேட்டார்கள்.

அப்போதுதான் எண்ணெய்ப் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த சமையல்காரர் கேட்டார். பண்டிகை ராத்திரியில் வீட்டை விட்டு இந்த ஏணியில் ஏன் ஏறி வருகிறீர்கள் என்று.

ஏழு மொழித் துண்டுப்பிரதி பையிலேயே இருந்தது. பெயரெழுத ஊருக்குப் போன இடத்தில் சத்திரத்தில் இடம் கிடைக்காத ஒரு குடும்பத்தைப் பற்றி நான்கைந்து வாக்கியம் சொன்னேன். அந்தப் பிள்ளையை நம்புகிறவள் நான், அதனால் வந்தேன் என்றேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை. அவர் தலையசைத்தார், பிறகு பிறந்த குழந்தையைப் பார்க்காதவருக்காக ஜெபம் செய்யச் சொன்னார். செய்தேன். அவரவர் வழக்கப்படி ஆமென் சொன்னார்கள். இந்தோனேசியப் பையன் கதவருகே நின்று இரு கைகளையும் விரித்திருந்தான்.

இறங்கி வந்தபோது ஐயா வேனில் தூங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எத்தினி பேரு?"

"இருபது, ஐயா. இருபதும் போயிடுச்சு."

"மேல நின்னவன்?"

"அவருக்குத்தான் முதல்ல."

தலையை மட்டும் ஆட்டினார். வேன் புறப்பட்டது. எர்ணாவூர்ப் பாலத்தைத் தாண்டியதும் டிரெய்லர் லாரிகளின் வரிசை, துறைமுக வாசல்வரை நீளும் வழக்கமான வரிசை. கிறிஸ்துமஸ் என்றால் அதற்கு விடுமுறையா என்ன. நாங்களும் அதில் நின்றோம். பக்கத்து லாரியில் ஓட்டுநர் ஸ்டியரிங்கில் கைகளை மடித்துத் தலைசாய்த்திருந்தார். ஐயா சன்னலைத் தட்டி, காகிதத்தில் சுற்றிய முறுக்கை நீட்டினார். ஓட்டுநர் நாங்கள் யார் என்று கேட்கவில்லை. வாங்கி ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டு, "வீட்ல சுட்டதா?" என்றார்.